தொலைவிலிருந்து வந்த பாடம், அருகில் அமர்ந்த துணை

ஊரடங்கு தளர்ந்து, ஆலயக் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டிருந்த 2020-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஒரு மாலை வேளை. நமது பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து அமர்ந்தாள். பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் பணியில் இருந்தவள். ஊரடங்கின்போது அவ்வேலையை இழந்தவள். “கணிப்பொறி கற்றுக்கொள், அம்மா, எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே” என்று சில மாதங்களுக்கு முன் அவளுக்கு அறிவுரை கூறியவர் நாமே. அவளும் சொன்னபடி கைப்பேசி வழியாக ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். மூன்றாம் வாரத்தோடு நிறுத்தியும் விட்டாள். ஏன் என்று கேட்டோம். கேட்ட குரலில் கண்டிப்பு கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

“சாமி, அதுல சொல்லிக் குடுக்குறவரு நல்லாத்தான் சொல்றாரு. ஆனா நான் தப்பாப் போட்டா, தப்புன்னு மட்டும் காட்டுது. ஏன் தப்புன்னு கேக்க ஆளில்ல. தம்பிக்கு ஸ்கூல் பாடமும் அதே போன்லதான் வருது.”

இவ்வளவே அவள் சொன்னது. குறை கூறும் தொனியில் அன்று. தன் மேலேயே குற்றம் சுமத்திக்கொண்டவளாக, தலை குனிந்தே சொன்னாள். அந்தக் குனிந்த தலைதான் நம்மை வரலாற்றின் பக்கங்களைப் புரட்ட வைத்தது. வேலையில்லாக் காலங்களில் எளியோரை நோக்கி “கற்றுக்கொள்” என்னும் குரல் எழுவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. தொலைவிலிருந்து வரும் பாடத்தை நம்பித் தம் வாழ்வை உயர்த்திக்கொள்ள முயன்றோரின் வரலாறு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் நீண்டது. அவ்வரலாறு நமக்கு என்ன கற்பிக்கிறது? பாடம் பலித்த இடங்களில் எது இருந்தது? பலிக்காத இடங்களில் எது இல்லாமற் போயிற்று? இவ்வினாக்களோடு சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

அஞ்சல் சுமந்த பாடம்

இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே ஒரு பென்னி கட்டணத்தில் கடிதம் அனுப்பலாம் என்னும் ஏற்பாடு அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. அதுவரை கடிதம் என்பது வசதி படைத்தோரின் உடைமையாகவே இருந்துவந்தது. பென்னி அஞ்சல் அதனைக் கடைநிலை எழுத்தரின் கைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

1837-இல் தமது சுருக்கெழுத்து முறையை வெளியிட்டிருந்த ஐசக் பிட்மன் என்னும் ஆசிரியர் இவ்வாய்ப்பை உடனே பற்றிக்கொண்டார். தம் முறையின் அடிப்படைகளை ஒரே தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். பெற்றுக்கொண்டவர்கள் பயிற்சிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினர். பிழைகள் திருத்தப்பட்டு அத்தாள் மீண்டும் அவர்களிடமே வந்து சேர்ந்தது. கற்போர் பெருகவே, பிட்மன் ஒருவரால் அத்தனை தாள்களையும் திருத்த இயலவில்லை. அப்போது, முன்னரே கற்றுத் தேர்ந்தவர்கள் சங்கமாகக் கூடி, புதிதாகக் கற்போரின் தாள்களைக் கட்டணமின்றித் திருத்திக் கொடுக்க முன்வந்தனர்.

தொழிற்சாலைகளும் இருப்புப்பாதை நிறுவனங்களும் பெருகிக்கொண்டிருந்த அக்காலத்தில், விரைந்து எழுதத் தெரிந்தவருக்கு அலுவலகங்களில் இடம் கிடைத்தது. பள்ளிக்குச் செல்ல வசதியற்ற பல இளைஞர்களுக்கு அத்தாள் ஒரு வாயிலாயிற்று. இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாடத்தைக் கொண்டு சென்றது அஞ்சல். கற்பித்ததோ, பிழையைச் சுற்றிக் கோடிட்டுத் திருப்பி அனுப்பிய யாரோ ஒருவருடைய கை. தொலைவிலிருந்து கற்பித்தலின் தொடக்கக் காலத்திலேயே, முகமறியாத ஒரு துணை கற்பவரோடு இருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஒரு கல்விச்சாலை

அங்கிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற்கு வருவோம். அங்கு ஏவண்டேல் என்னுமிடத்தில் 1869 செப்டம்பர் 6-ஆம் நாள் நிலக்கரிச் சுரங்கமொன்றில் தீப்பற்றி 110 உயிர்கள் மாண்டன. இத்தகைய விபத்துகளுக்குப் பின் சுரங்கச் சட்டங்கள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டன. சுரங்கத்தில் மேற்பார்வையாளராக விரும்புவோர் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என 1885-இல் அம்மாநிலம் விதித்தது. நல்ல சட்டமே. ஆனால் வேல்ஸ், அயர்லாந்து, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, பகலெல்லாம் பாறையைக் குடைந்துகொண்டிருந்த தொழிலாளி, காற்றோட்டக் கணக்கும் வாயுக்களின் இயல்பும் எங்கே போய்க் கற்பான்?

தாமஸ் ஃபாஸ்டர் என்னும் செய்தித்தாள் ஆசிரியர் இவ்வினாவைத் தமதாக்கிக்கொண்டார். தம் இதழில் சுரங்கத் தொழிலாளர் கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கும் பகுதியொன்றைத் தொடங்கினார். அதற்குக் கிடைத்த வரவேற்பே 1891 அக்டோபரில் ஸ்கிராண்டன் நகரில் அஞ்சல்வழிப் பாடமாக மலர்ந்தது. பிற்காலத்தில் பன்னாட்டு அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் எனப் பெயர் பெற்று வளர்ந்தது அதுவே. சுரங்கத்தில் தொடங்கி, நீராவி இயந்திரம், மின்சாரம், வரைபடம், கணக்குப்பதிவு எனப் பாடங்கள் விரிந்தன. 1923-க்குள் அதில் சேர்ந்தோர் தொகை ஏறத்தாழ 25 இலட்சத்தை எட்டியது. இருப்புப்பாதைப் பட்டறையில் இயந்திரத் தொழிலாளியாக இருந்து இதன் பாடங்களைப் பயின்ற வால்ட்டர் கிரைஸ்லர், பின்னாளில் தம் பெயராலேயே ஒரு மோட்டார் வாகன நிறுவனத்தை உருவாக்கினார்.

அதே 1891-ஆம் ஆண்டின் மே 15-ஆம் நாள்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார் என்பது நினைவுகூரத்தக்கது. தொழிலாளியின் உழைப்பைச் சந்தைச் சரக்கைப் போல் மட்டுமே மதிப்பிடலாகாது, நியாயமான ஊதியம் அவனுக்குரிய உரிமை, சங்கம் அமைத்துக்கொள்வதும் அவனுக்குரிய உரிமை என அம்மடல் வலியுறுத்தியது. தொழிலாளி தன் அறிவால் உயரலாம் என்றது ஸ்கிராண்டன். அவன் உயர்ந்தாலும் உயராவிட்டாலும் மாண்புடையவன் என்றது உரோமை. இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டியவை. முதற்குரலை மட்டும் கேட்கும் சமுதாயம், உயர முடியாதவனைப் பழிக்கத் தொடங்கிவிடும்.

பழிப்பதற்கு வாய்ப்பு நிறையவே இருந்தது. கிரைஸ்லர் போன்றோர் சிலர். சேர்ந்தவர்களுள் இறுதிவரை படித்து முடித்தவர்களோ மிகச் சிறிய பகுதியினரே. பத்து மணி நேரம் உழைத்துக் களைத்த உடல், மண்ணெண்ணெய் விளக்கு, அழும் குழந்தை, புரியாத ஒரு சமன்பாடு, அடுத்த அஞ்சல் வரும்வரை காத்திருப்பு ஆகியவற்றிற்கிடையே எத்தனை பேரால் தனித்து நிற்க முடியும்? பணம் கட்டிச் சேர்ந்து பாதியில் நின்றவர்கள் பெரும்பாலும் தம்மையே நொந்துகொண்டு ஓய்ந்தனர். நமது திண்ணையில் குனிந்த அத்தலை ஸ்கிராண்டன் நாள்களிலேயே குனியத் தொடங்கிவிட்டது.

சமையலறையில் கூடிய பள்ளி

இக்குறைக்கு மாற்று ஒன்று கனடாவின் கிழக்குக் கரையில் உருவாயிற்று. நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் கடலோர ஊர்களில் 1920-களில் வறுமை தலைவிரித்தாடியது. பிடித்த மீனுக்கு விலையில்லை. இளைஞர் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். ஆண்டிகனிஷ் நகரின் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அருள்திரு. ஜிம்மி டாம்கின்ஸ், பல்கலைக்கழகம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்று 1921-இல் ஒரு சிறு வெளியீட்டில் வாதிட்டார். அடுத்த ஆண்டே அவர் கான்சோ என்னும் மீனவர் ஊருக்குப் பங்குப் பணியாளராக அனுப்பப்பட்டார். தாம் எழுதியதை அங்கே தாமே செய்து பார்த்தார்.

1928-இல் அப்பல்கலைக்கழகம் விரிவாக்கத் துறை ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் அருள்திரு. மோசஸ் கோடி. அத்துறை கையாண்ட முறை மிக எளியது. முதலில் ஊர்க்கூட்டம். பின்பு பத்துப் பேர் அளவிலான படிப்பு வட்டங்கள். வட்டத்தின் தலைவர் அவ்வூராருள் ஒருவரே. பாடநூல்களும் துண்டு வெளியீடுகளும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அவற்றை வீட்டுச் சமையலறைகளில் கூடி வாசிப்பர். வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவர். ஐயங்களை விவாதிப்பர், தீராதவற்றை அடுத்த பொதுக்கூட்டத்திற்கு எடுத்துச் செல்வர்.

1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வேலையின்மை உச்சத்திலிருந்த அப்பத்தாண்டில்தான் இவ்வட்டங்கள் பெருகி ஆயிரத்தைக் கடந்தன. அவற்றிலிருந்து கடன் சங்கங்கள் பிறந்தன. கூட்டுறவுக் கடைகள் பிறந்தன. லிட்டில் டோவர் என்னும் சிற்றூரின் மீனவர்கள் கூடிப் படித்ததன் பயனாக, சிங்கி இறாலைப் பதப்படுத்தும் தொழிற்கூடம் ஒன்றைத் தாங்களே எழுப்பினர்.

ஸ்கிராண்டனில் பாடம் தனி மனிதனைத் தேடிச் சென்றது. ஆண்டிகனிஷில் அது ஒரு வட்டத்தைத் தேடிச் சென்றது. ஸ்கிராண்டன் இருக்கின்ற ஏணியில் ஏறக் கற்றுக்கொடுத்தது. ஆண்டிகனிஷோ ஏணியே இல்லாத ஊரில், கூடி ஏணி செய்யக் கற்றுக்கொடுத்தது. இரண்டும் தேவையே. எனினும் நாடு முழுவதும் வேலை அருகிய காலத்தில் எது அதிகம் தாங்கி நின்றது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

தட்டச்சுப் பொறியிலிருந்து கணிப்பொறிக்கு

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. பிட்மனின் சுருக்கெழுத்து தமிழகத்துத் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. ‘தட்டச்சு, சுருக்கெழுத்துப் பயிலகம்’ என்னும் பெயர்ப்பலகை இல்லாத சிறு நகரமே ஒரு காலத்தில் இல்லை எனலாம். பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துகொள்வதும், தட்டச்சில் சேர்வதும் நம் தலைமுறையினர் பலருக்கு வழக்கமாயிருந்தன. நிமிடத்திற்கு 30 சொற்கள் அடித்தால் இளநிலை. 45 சொற்கள் அடித்தால் முதுநிலை. அரசு நடத்தும் அத்தேர்வில் தேறியவர் வீட்டில் அன்று பாயசம் உண்டு.

அப்பயிலகத்தில் மாணவரின் முதுகுப்புறம் நின்று, “சுண்டு விரலைத் தூக்காதே” என்று அதட்டிய ஆசிரியரை நாம் மறந்துவிடவில்லை. பொறி என்னவோ இரும்புதான். ஆனால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனிதர். வராத நாளில் “ஏன் நேற்று வரவில்லை?” என்று கேட்டவரும் அவரே.

தொலைநிலைக் கல்வியும் நம் நாட்டில் வேரூன்றியது. 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும் அவ்வழியில் வந்தன. 1981-இல் என்.ஐ.ஐ.டி.யும், 1986-இல் ஆப்டெக்கும் தோன்றியபின், தொண்ணூறுகளில் கணிப்பொறிப் பயிற்சி மையங்கள் ஊர்தோறும் பெருகின. தட்டச்சுப் பயிலகங்கள் பல, ஒரு மூலையில் கணிப்பொறியை வைத்துத் திரையிட்டு மூடி, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்ன காலம் அது. பின்பு 2000, 2001-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இணைய நிறுவனங்கள் பல சரிந்தபோது, கற்ற பாடம் நிலையானது எனினும் அதற்குரிய சந்தை நிலையற்றது என்பதை நம் இளைஞர்களும் உணர்ந்தனர்.

2009: இலவசச் சீட்டும் இல்லாத நாற்காலியும்

2007-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் ஏறத்தாழ 87 இலட்சம் வேலைகள் அழிந்தன. 2009 அக்டோபரில் அந்நாட்டின் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘எலிவேட் அமெரிக்கா’ என்னும் திட்டத்தை அறிவித்தது. மூன்றாண்டுகளுக்குள் 20 இலட்சம் பேருக்குக் கணிப்பொறித் திறன் பயிற்சி அளிப்பதே அதன் நோக்கம். எந்த வேலைக்கு எந்தத் திறன் தேவை என வழிகாட்டும் இணையப் பக்கம் ஒன்று. அதனோடு, இணையவழிப் பாடங்களையும் சில சான்றிதழ்த் தேர்வுகளையும் கட்டணமின்றிப் பெறுவதற்கான பத்து இலட்சம் இலவசச் சீட்டுகள். வாஷிங்டன், புளோரிடா, நியூயார்க் மாநிலங்கள் முதலில் இதில் இணைந்தன. மாநில அரசுகள் வழியாகவே அச்சீட்டுகள் வழங்கப்பட்டன.

அது நல்ல நோக்கமே. வேலை இழந்த ஐம்பது வயதுத் தொழிலாளி, விண்ணப்பத்தைக்கூடக் கணிப்பொறி வழியாகவே அனுப்ப வேண்டியிருந்த காலத்தில், சுட்டியைப் பிடிக்கத் தெரியாதவருக்கு வாசற்படியே தடையாக நின்றது. அத்தடையை நீக்கும் முயற்சியைக் குறை கூறுவதற்கில்லை.

ஆயினும் அதே ஆண்டின் இன்னொரு கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் காலியாயிருந்த ஒவ்வொரு பணியிடத்துக்கும் வேலை தேடுவோர் ஆறு பேருக்கு மேல் இருந்தனர். ஆறு பேருக்கும் நாம் கணிப்பொறி கற்றுக்கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அறுவரும் தேர்ச்சி பெற்றனர். இருக்கும் நாற்காலியோ ஒன்றுதான். மற்ற ஐவரிடம் போய், “உங்களுக்குத் திறன் போதவில்லை” என்று நாம் சொல்லலாமா?

பயிற்சி ஒருவரை வரிசையில் முன்னே நகர்த்தும்; வரிசையின் நீளத்தைக் குறைப்பது வேறு பணி. அது அரசின் கடமை, முதலாளியின் கடமை, ஊர் கூடிச் செய்ய வேண்டிய கடமை. வேலையின்மை தனிமனிதரின் குறைபாடன்று, சமுதாயம் எதிர்த்துப் போராட வேண்டிய தீமை என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்ஸர்சென்ஸ்’ சுற்றுமடலில் தெளிவுபடுத்தியிருக்கிறார். வேலையில்லாதவரிடம் “கற்றுக்கொள்” என்று சொல்லும் ஒவ்வொருவரும் இதை முதலில் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஐந்தில் நான்கு பேர்

இரண்டாண்டுகள் கழித்து வேறொரு வாயில் திறந்தது. 2011-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தங்கள் பாடத்தை இணையத்தில் இலவசமாக வழங்கினர். உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தனர். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். 2012-இல் கோர்சேரா, எடெக்ஸ் போன்ற அமைப்புகள் தோன்றின. இனி எந்த ஏழைக்கும் உலகின் சிறந்த ஆசிரியர் கிடைப்பார் என்று எங்கும் பேசப்பட்டது.

2013-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோர்சேரா வழியாக நடந்த 16 பாடங்களை ஆராய்ந்தனர். பத்து இலட்சம் அளவிலான பயனர்களுள் பாடத்தை முடித்தோர் சராசரியாக 4 விழுக்காட்டினரே. அதே பல்கலைக்கழகத்தின் மற்றோர் ஆய்வில், பயின்றோரில் ஐந்தில் நான்கு பேர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் எனத் தெரியவந்தது. உள்ளவருக்கே மேலும் கொடுக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் அவ்வாண்டு த்ரனின் நிறுவனத்தோடு இணைந்து அடிப்படைப் பாடங்களை இணையவழியாக நடத்திப் பார்த்தது. முதற்பருவத்தில் தேர்ச்சி, வகுப்பறையில் கற்றோரை விடக் குறைவாகவே இருந்தது. ஜூலையில் அம்முயற்சி இடைநிறுத்தப்பட்டது.

இதிலிருந்து இணையவழிக் கல்வியே பயனற்றது என்று முடிவு கட்டுவது அறியாமையாகும். சென்னை உள்ளிட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பாடங்களை யாவரும் கட்டணமின்றிப் பயிலலாம். சான்றிதழ் வேண்டுவோர் சிறு கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும். இத்திட்டம் கல்லூரிகள்தோறும் உள்ளூர்க் கிளைகளை அமைத்து, ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராக்கி, மாணவர்க்கு வழிகாட்டிகளையும் ஏற்படுத்தச் செய்தது. பாடம் திரையில் வருகிறது. அதைக் கவனித்து ஊக்குவிக்க உள்ளூரில் ஒருவர் இருக்கிறார். ஆண்டிகனிஷ் சமையலறையின் சாயல் இதில் இல்லையா?

பெருந்தொற்றின் பின்

2020-ஆம் ஆண்டில் உலகம் இழந்த வேலை நேரம், 25 கோடியே 50 இலட்சம் முழுநேரப் பணிகளுக்குச் சமம் எனப் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் மதிப்பிட்டது. அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட், தன் லிங்க்ட்இன் நிறுவனத்தோடு இணைந்து, 2 கோடியே 50 இலட்சம் பேருக்கு இணையவழித் திறன் பயிற்சி அளிக்கப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டில் 3 கோடிக்கும் மேற்பட்டோரை எட்டிவிட்டதாகவும் தெரிவித்தது. நமது திண்ணைக்கு வந்த பெண்ணைப் போலவே, அக்காலத்தில் எத்தனையோ இலட்சம் பேர் சின்னஞ்சிறு திரைகளின் முன் அமர்ந்திருந்தனர். எட்டியது என்பது ஒன்று; கைப்பிடித்துக் கரை சேர்த்தது என்பது வேறொன்று.

2022 நவம்பருக்குப் பின் இன்னொன்றும் நேர்ந்துள்ளது. சாட்ஜிபிடி போன்ற பொறிகள் வந்துவிட்டன. ‘ஏன் தப்பு’ என்று கேட்டால் இப்போது பொறியே விளக்கம் சொல்கிறது, தமிழிலும் சொல்கிறது. அப்பெண்ணின் குறையில் ஒரு பாதி தீர்ந்தது என்றே கொள்ளலாம். நன்றியோடு ஏற்க வேண்டிய உதவி இது. ஆனால் “நேற்று ஏன் வரவில்லை?” என்று கேட்பார் யார்? அவளுக்காக ஒரு நிறுவனத்தின் மேலாளரிடம் சென்று, “இவளை நான் அறிவேன், நம்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வார் யார்? வேலை என்பது திறனால் மட்டும் கிடைப்பதில்லை. அறிமுகத்தாலும் நம்பிக்கையாலும் கிடைப்பது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாமனும் சித்தப்பாவும் அந்த அறிமுகத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் எத்தியோப்பிய அலுவலரை எண்ணிப் பார்க்கிறோம். அவர் கல்வியறிவுள்ளவர், தேர் உண்டு, கையில் ஏசாயாவின் ஏடும் உண்டு. வாசித்துக்கொண்டே வருகிறார், பொருள் மட்டும் விளங்கவில்லை. பிலிப்பு அவருக்கு வேறொரு ஏட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தேரில் ஏறி அவர் அருகில் அமர்ந்தார். அமர்ந்த பிறகே விளக்கம் தொடங்கியது.

மறைக்கல்வி அறையில்

மீண்டும் நமது திண்ணைக்கு வருவோம். அப்பெண்ணிடம் நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய சொல் ‘கற்றுக்கொள்’ என்பதன்று; ‘வா, சேர்ந்து கற்போம்’ என்பதே. இதை உணர நமக்குச் சில மாதங்கள் தேவைப்பட்டன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அறிவுரை கூறுவது எளிது; அறையைத் திறந்துவிடுவது சற்றுக் கடினம்.

பின்பு பங்குப் பேரவையில் பேசி, வார நாள்களில் பூட்டிக்கிடந்த மறைக்கல்வி அறையை மாலை வேளைகளில் திறந்துவிட்டோம். யாரோ கொடுத்த பழைய கணிப்பொறிகள் இரண்டு. இணைய இணைப்பு ஒன்று. ஒரு காலத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்தி, பின்பு அதை மூடிவிட்ட பெரியவர் ஒருவரை அழைத்தோம். “எனக்கு இந்தப் புதுப் பாடமெல்லாம் தெரியாதே, ஃபாதர்” என்றார். தெரிய வேண்டியதில்லை, பாடம் திரையில் வரும், நீங்கள் அருகில் இருந்தால் போதும் என்றோம். அவர் மாணவரின் முதுகுப்புறம் நின்றார். வராதவர் வீட்டுக்கு மறுநாள் தாமே சென்று விசாரித்தார். அப்பெண் முதலில் வந்தாள். பின்பு தன் தோழியரையும் அழைத்து வந்தாள். இப்போது புதிதாக வருவோருக்குக் கணக்குப்பதிவுப் பாடத்தை விளக்குபவள் அவளே.

எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இன்னும் கிடைக்கவில்லை. நாற்காலிகளைப் பெருக்கும் ஆற்றல் நம் மறைக்கல்வி அறைக்கு இல்லை. அதற்காகக் குரல் எழுப்பும் கடமை மட்டும் நமக்கு உண்டு. ஆனால் வேலை கிடைக்காதவரும் தலை குனிந்து வெளியேறுவதில்லை. தவறு எங்கே என்று கேட்க அவருக்கு ஓர் ஆள் உண்டு. அவர் வராத நாளில் அவர் பெயர் சொல்லி விசாரிக்கவும் ஓர் ஆள் உண்டு.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கிலும் வார நாள்களில் பூட்டிக்கிடக்கும் அறை ஒன்று இருக்கும். பணி ஓய்வு பெற்று மாலை நேரத்தை எப்படிக் கழிப்பதென்று அறியாமல் இருக்கும் எழுத்தரோ ஆசிரியரோ ஒருவர் இருப்பார். கைப்பேசியின் முன் தனித்து அமர்ந்து, மூன்றாம் வாரத்தில் தயங்கி நிற்கும் இளைஞர் ஒருவரும் நிச்சயம் இருப்பார். பாடம் எங்கிருந்தோ எப்படியோ வந்து சேர்ந்துவிடும். சாவியை எடுத்து அந்த அறையைத் திறப்பதற்குத்தான் ஆள் தேவை.